புள்ளி வைத்தார்கள், எழுத்து எங்கே?



கடந்த வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு வழக்கு நடந்தது. வழக்குத் தொடுத்தவர் அண்மையில் மாற்றலாகி வந்த இளம் ஆசிரியர். ஜேம்ஸ்பாண்டு படங்களில் ஊறியவர். ஈயோன் நிறுவனம் 1962 முதல் 2021 வரை தயாரித்த 25 படங்களின் தொடக்கப் பெயர்க்காட்சிகளையும் தரவரிசைப்படுத்தி, ஒரு தாளில் அழகாக எழுதிக்கொண்டு வந்து, ஓய்வு நேரத்தில் தேநீரும் வடையுமாக அமர்ந்திருந்த எங்கள் முன் நீட்டினார். முதலிடம் 'ஸ்கைஃபால்'. இரண்டாமிடம் 'கோல்டுஃபிங்கர்'. மூன்றாமிடம் 'லிவ் அண்ட் லெட் டை'.

பார்த்தவுடன் சொன்னேன்: "தம்பி, இது பாட்டுகளின் வரிசை. அடேல், ஷெர்லி பாஸி, பால் மெக்கார்ட்னி என்று எழுதியிருந்தாலும் இதே வரிசைதான் வந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு போட்ட மதிப்பெண் இது."

அவருக்கு வருத்தம். "அப்படியானால் உங்கள் வரிசை என்ன ஐயா?" என்றார். மணி அடித்துவிட்டது, நான்காம் ஆண்டு வகுப்புக்கு ஓடினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தமிழ் வாத்தியாருக்கு ஜேம்ஸ்பாண்டு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது; சற்றுப் பொறுங்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். திரைப்படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் வருவதை நம் பெரியவர்கள் என்னவென்று சொன்னார்கள்? 'எழுத்துப் போடுவது' என்றார்கள். "எழுத்துப் போடுவதற்குள் போய்விட வேண்டும்", "எழுத்துப் போட்டாயிற்றா?" என்று கேட்டுக்கொண்டே ஓடியவர்கள் அவர்கள். பாட்டுப் போடுவது என்றோ படம் காட்டுவது என்றோ அந்த நேரத்திற்குப் பெயர் வைக்கவில்லை. அது எழுத்தின் நேரம்!

1970-களின் இறுதியில் ஜொகூரில் நாங்கள் இருந்த இரப்பர்த் தோட்டத்தில், எப்போதாவது திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாய், கோணிப்பை, சிறு முக்காலி என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு இருட்டுவதற்கு முன்பே போய் இடம் பிடிப்போம். என் தந்தையார் தோட்டப் பள்ளியில் மூன்று ஆண்டுகளே படித்தவர். எழுத்துப் போடத் தொடங்கியதும் அவர் உரக்க வாசிக்கத் தொடங்குவார். 'வசனம்', 'ஒளிப்பதிவு', 'கலை', 'துணை இயக்கம்' என்று ஒவ்வொன்றாக, எழுத்துக் கூட்டி, திரை மாறுவதற்குள் முடித்துவிடும் அவசரத்தோடு வாசிப்பார். சில பெயர்கள் பாதியிலேயே போய்விடும். பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் அவரை அடக்கியதில்லை. வாசிக்கத் தெரியாதவர்கள் அங்கே பலர். அவர்களுக்காகவும் அவர் வாசித்தார் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் உறைத்தது. நான் பள்ளிக்குப் போகுமுன்பே 'இ' என்ற எழுத்தை அடையாளம் கண்டது 'இயக்கம்', 'இசை' என்ற இரண்டு சொற்களால்தான்.

ஆகவே என் அளவுகோல் ஒன்றே ஒன்று. எழுத்துப் போடும் நேரத்தில் எழுத்துக்கு என்ன மரியாதை நடந்தது? பார்வையாளனை வாசிக்க வைத்தார்களா, வாசிக்க விடாமல் செய்தார்களா? இந்தக் கோலால் அளந்தால் இளம் ஆசிரியரின் தாள் தலைகீழாகிறது.

என் வரிசையில் முதலிடம் முதல் படத்துக்கே. 1962-இல் வந்த 'டாக்டர் நோ'. மாரிஸ் பைண்டர் என்ற வடிவமைப்பாளர் செய்த வேலை. கருந்திரையில் ஒரு வெண்புள்ளி நகர்கிறது. அது துப்பாக்கிக் குழலின் உட்புறமாக மாறுகிறது. குழலின் வழியே ஒரு மனிதன் நடந்து வந்து திரும்பி நம்மைச் சுடுகிறான். உண்மையான துப்பாக்கிக் குழலுக்குள் ஊசித்துளைக் கேமராவை வைத்து அந்தக் காட்சியைப் பிடித்தார்கள். (நடந்து வருபவர் ஷான் கானரி என்று பந்தயம் கட்டாதீர்கள், தோற்றுப்போவீர்கள். முதல் மூன்று படங்களில் அது சண்டைக் கலைஞர் பாப் சிம்மன்ஸ்.) அதன்பின் திரை முழுதும் வண்ணப் புள்ளிகள் துள்ளுகின்றன. சிவப்பு, நீலம், பச்சை என்று வட்டங்கள் தாளத்திற்கேற்பத் தோன்றி மறைய, அவற்றின் நடுவே பெயர்கள் தெளிவாக, நேராக, வாசிக்கும்படி நிற்கின்றன. எழுத்தும் ஆடுகிறது, ஆனால் எழுத்தாகவே இருந்து ஆடுகிறது. 2021-இல் 'நோ டைம் டு டை' வந்தபோது அதன் பெயர்க்காட்சியை வடிவமைத்த டேனியல் கிளைன்மன் அந்த வண்ணப் புள்ளிகளை மறுபடியும் திரைக்குக் கொண்டுவந்தார். 59 ஆண்டுகளுக்குப் பிறகும் பாட்டனை மறவாத பேரன்!

இந்த இடத்தில் ஒரு கிளைச் செய்தி. அந்த முதல் படத்துக்கு இசையமைத்த மான்டி நார்மன், உலகறிந்த அந்த ஜேம்ஸ்பாண்டு மெட்டைப் புதிதாக உருவாக்கவில்லை. வி. எஸ். நைப்பால் 1961-இல் எழுதிய 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' என்ற புதினத்தை இசை நாடகமாக்க நினைத்து அதற்காகப் போட்ட மெட்டு, பெட்டியில் கிடந்தது. அதைத்தான் எடுத்து மாற்றினார். ஜான் பேரி அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். அந்தப் புதினம் யாரைப் பற்றியது தெரியுமா? திரினிடாட் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன இந்தியர்களின் வழிவந்த ஒருவன், தனக்கென்று ஒரு வீடு கட்டப் படும் பாட்டைப் பற்றியது. நம்மைப்போன்ற தோட்டத்து மக்களுக்காகப் பிறந்த மெட்டு, கோட்டு சூட்டு அணிந்த உளவாளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை நான் சொன்னபோது இளம் ஆசிரியர் நம்பவில்லை. பிறகு தேடிப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் பேசாமல் எனக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாமிடம் 1969-இல் வந்த 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்'. நாயகன் மாறிவிட்டான், கானரி போய் ஜார்ஜ் லேசன்பி வந்திருக்கிறார். இரசிகன் ஏற்பானா என்ற அச்சம். பைண்டர் என்ன செய்தார்? ஒரு மணற்கடிகையைத் திரையில் வைத்து, அதன் வழியே முந்தைய படங்களின் காட்சிகளைச் சொரியவிட்டார். நாம் புதிய பாடத்துக்கு முன் நடத்துகிறோமே மீள்பார்வை, அதேதான்! மேலும் அதில் பாடகர் இல்லை, வெறும் இசை மட்டுமே. ஆகவே பெயர்களுக்கும் குரலுக்கும் போட்டி இல்லை.

மூன்றாமிடம் 'கோல்டன்ஐ', 1995. முந்தைய பாண்டு படம் 1989-இல் வந்தது. இடையில் சோவியத் ஒன்றியமே இல்லாமற் போயிற்று. 1991-இல் பைண்டரும் மறைந்தார். அவர் இடத்துக்கு வந்த கிளைன்மன், சிலைகள் உடைந்து விழுவதையும் அரிவாள் சுத்தியல் சின்னம் சிதைவதையும் மூன்று நிமிடத்தில் காட்டி ஆறாண்டு வரலாற்றைச் சொல்லிவிட்டார். நான்காவது 'கேசினோ ராயல்', 2006. சீட்டாட்டச் சின்னங்களை வைத்தே முழுக் காட்சியும். பைண்டர் காலத்திலிருந்து வழக்கமாகிவிட்ட ஆடையற்ற பெண் நிழலுருவங்களுக்கு அதில் இடமில்லை. பெற்றோர் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கத்தக்க பெயர்க்காட்சி அது ஒன்றுதான் என்றால் மிகையாகாது.

கடைசி இடத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்கும் உலகத்துக்கும் சண்டை. 1963-இன் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்', 1964-இன் 'கோல்டுஃபிங்கர்' இரண்டையும் ராபர்ட் பிரவுன்ஜான் செய்தார். வடிவமைப்பு உலகம் இவற்றைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. முதலாவதில் ஆடும் பெண்ணின் உடல்மீது பெயர்களை ஒளியாக வீழ்த்தினார். இரண்டாவதில் பொன்வண்ணம் பூசிய பெண்ணுடல்மீது படக்காட்சிகளை வீழ்த்தினார். அறிவுள்ள வேலைதான், மறுக்கவில்லை. ஒளியே எழுத்தாக முடியும் என்று காட்டியவர் அவர். ஆனால் 'ஃப்ரம் ரஷ்யா'வில் ஆடும் வயிற்றின்மேல் விழுந்த பெயர் நெளிகிறது, மடிகிறது, பாதி இடுப்பிலும் பாதி இருட்டிலும் போய் விழுகிறது. அந்தப் பெயருக்குரியவர் மாதக்கணக்கில் உழைத்தவர். அவர் பெயரை வாசிக்க முடியவில்லை. எழுத்து விழுந்த பெண்ணையும் ஒரு மனுஷியாகப் பார்க்க முடியவில்லை. ஒரே நேரத்தில் இருவருக்கு அவமரியாதை! மாணவன் ஒருவன் தன் பெயரைச் சுருங்கிய துணியில் எழுதிக் கொண்டுவந்தால் நாம் மதிப்பெண் போடுவோமா?

'ஸ்கைஃபால்' எங்கே என்கிறீர்களா? 2012-இல் வந்த அந்தப் பாட்டு, பாண்டு பாடல்களில் முதன்முதலாக ஆஸ்கர் பரிசு பெற்றது. பெறட்டும். எனக்கும் பிடிக்கும். அந்தக் காட்சியில் வந்த ஒரு தொழில்நுட்பக் கலைஞரின் பெயரை யாராவது நினைவிலிருந்து சொல்லுங்கள், பார்ப்போம்.

சரி, இனி நம் வீட்டுக்கு வருவோம்.

தமிழில் உளவாளிப் படத்துக்குப் பஞ்சமில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-இல் ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' என்று எடுத்தது; 1970-இல் 'சி.ஐ.டி. சங்கர்' வந்தது. அவரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டு என்றே அழைத்தார்கள். 1986-இல் சுஜாதாவின் கதையில் கமல்ஹாசன் 'விக்ரம்' ஆனார். அதே பெயர் 2022-இல் மறுபடியும் வந்து வசூலைக் குவித்தது. ஆனால் பாண்டு படத்தின் அந்தத் துப்பாக்கிக் குழல் தமிழில் உண்மையாகப் போய்ச் சேர்ந்த இடம் ஓர் உளவாளிப் படம் அன்று. பால்காரன் கதை! 1992-இல் வந்த 'அண்ணாமலை'.

இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா, பாண்டு படங்களுக்கு அந்தக் குழற்காட்சி ஓர் அடையாளமாக இருப்பதுபோல் ரஜினிகாந்துக்கும் ஓர் அடையாளம் வேண்டும் என்று எண்ணினார். தேவா இசை கொடுத்தார். நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் எரிகின்றன. அதன்பின் வந்த ரஜினி படங்கள் பலவற்றிலும் அதுவே தொடர்ந்தது. ஜொகூர் பாருவில் அந்தப் படத்தை முதலில் பார்த்த இரவை நான் மறக்கவில்லை. இருட்டில் முதல் எழுத்து எரிந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. நானும் நின்றேன், வாத்தியார் வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவன் என்பதை மறந்து சீழ்க்கையும் அடித்தேன். தாளமும் ஒளியும் எழுத்தும் ஒன்றாகச் சேர்ந்த அப்படியொரு பெயர்க்காட்சி தமிழில் அதற்குமுன் வந்ததில்லை என்பது என் எண்ணம். என் வரிசையில் பாண்டு படங்களையும் சேர்த்து வைத்தால்கூட அது மூன்றாமிடத்தைக் கேட்கும்.

ஆனால் அங்கே எரிந்த எழுத்துகள் எவை? எஸ், யு, பி, இ, ஆர். எஸ், டி, ஏ, ஆர். ஒன்பதும் உரோமன் எழுத்துகள்!

புள்ளியை எடுத்துக்கொண்டார்கள். நல்லது. புள்ளி உலகத்துக்கு எப்படியோ, தமிழனுக்கு அது எழுத்தின் உயிர்நாடி. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொல்லி ஈராயிரம் ஆண்டுகள் ஆயிற்று என்பர். ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டுவிட்டு எழுதிய காலமும் இருந்தது. அப்போது படிப்பவன் ஊகித்துப் படித்தான். பிறகு அச்சு வந்து புள்ளி நிலைத்தது. வாசலில் கோலத்துக்கும் புள்ளி. வகுப்பில் 'க்' என்றாலும் புள்ளி. 'சூப்பர் ஸ்டார்' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். ஏழே எழுத்துகள், அவற்றில் நான்குக்குத் தலையில் புள்ளி. ஒன்பது எழுத்தின் வேலை ஏழில் முடிந்திருக்கும். ஒளிப்புள்ளிகளால் எழுத்துருவம் நிறைந்து, கடைசியில் அந்த நான்கு புள்ளிகள் மட்டும் 'ஹேய்' என்ற ஒலிக்கு ஒவ்வொன்றாக வந்து தலையில் அமர்ந்திருந்தால்? நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. ('ஸ்' வடவெழுத்தாயிற்றே என்று தனித்தமிழ் அன்பர்கள் சினக்க வேண்டா. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

படத்தின் பெயரையே பாருங்கள்: அண்ணாமலை. 'ணா'வும் உண்டு, 'லை'யும் உண்டு. 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் உருவம் மாறிய இரண்டு வகை எழுத்துகளும் ஒரே பெயரில் அமைந்திருக்கின்றன. எழுத்துகளைக் கொண்டு விளையாட இதைவிட நல்ல பெயர் ஒரு வடிவமைப்பாளருக்குக் கிடைக்குமா? கிடைத்தும் கண் உரோமன் எழுத்துக்குத்தான் போயிற்று.

அது ஒரு படத்தோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். இன்று தமிழ்ப்படம் பார்க்க உட்காருங்கள். பெரும்பாலான படங்களில் ஒளிப்பதிவாளர் பெயர் ஆங்கிலத்தில், இசையமைப்பாளர் பெயர் ஆங்கிலத்தில், பாடலாசிரியர் பெயர்கூட ஆங்கிலத்தில்! தமிழில் பாட்டெழுதிப் புகழ் பெற்றவரின் பெயரைத் தமிழில் எழுத ஆளில்லை. 2006-இல் தமிழக அரசு தமிழ்ப்பெயர் கொண்ட படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அளித்தது. உடனே 'சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்' என்றிருந்த படம் 'உனக்கும் எனக்கும்' ஆயிற்று. 'ரோபோ' என்று பேசப்பட்ட படம் 2010-இல் 'எந்திரன்' ஆகி வந்தது. காசு கண்டதும் தமிழ் வந்தது. ஆனால் தலைப்போடு நின்றுவிட்டது. தலைப்புக்குக் கீழே வரும் நூறு பெயர்களைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

"உலகச் சந்தை, ஐயா. எல்லாரும் வாசிக்க வேண்டுமே" என்கிறார்கள். நன்று. பாண்டு படக்காரர்களுக்கு இல்லாத உலகச் சந்தையா? அறுபது ஆண்டுகளாக அவர்கள் தம் மொழியின் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ஜொகூரில் இருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு வாசிக்கத் தெரியுமா என்று ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. நாமும் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஊரார் வாசிக்க வேண்டுமென்றால் கீழே இன்னொரு வரியாக ஆங்கிலத்தையும் போடுங்கள், யார் தடுத்தார்? மலேசியர்களாகிய நமக்கு ஒரு பலகையில் மூன்று மொழி பார்ப்பது புதிதா என்ன?

நம் நாட்டு நிலைமைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்குத் தெருவெங்கும் தமிழெழுத்து உண்டு. பேருந்தில், கடையில், சுவரொட்டியில். நம் பிள்ளைக்கு? பள்ளியை விட்டு வெளியே வந்தால் கோயில், சில கடைகள், தாத்தா வாங்கும் நாளிதழ், அவ்வளவே. மீதம் இருப்பது தொலைக்காட்சியில் வரும் தமிழ்ப்படம். அதில் காதுக்குத் தமிழ் உண்டு. திரையின் அடியில் ஓடும் வரிகள் மலாய். தொடக்கத்தில் வரும் பெயர்கள் ஆங்கிலம். இரண்டரை மணிநேரத் தமிழ்ப்படத்தைப் பார்த்து முடித்த பிள்ளை, படத்தின் தலைப்பைத் தவிர ஒரு தமிழெழுத்தையும் பார்க்காமல் எழுந்து போகலாம், போகிறது.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன். சுட்டி; வாசிப்பில் பின்தங்கியவன். ஒரு நாள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டு அந்த ஒன்பது ஆங்கில எழுத்துகளையும் ஒன்று விடாமல், தேவா போட்ட அதே இடைவெளியோடு சொல்லிக்காட்டினான். வகுப்பே கைதட்டியது. அவன் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் வந்த படம் அது! நான் வெண்பலகையில் 'இயக்கம்' என்று எழுதி வாசிக்கச் சொன்னேன். 'இ' என்றான். 'ய' என்றான். இரண்டாவது 'க'வுக்கு முன் இருந்த புள்ளி அவன் கண்ணில் படவில்லை. 'இயககம்' என்று நின்றான்.

மறுவாரம் 1960-களின் கறுப்பு வெள்ளைப் படங்களின் தொடக்கங்களை மட்டும் வகுப்பில் ஓடவிட்டேன். அக்காலப் படங்களில் பெயர்கள் பெரும்பாலும் தமிழெழுத்தில்தான், அதுவும் கையால் எழுதியவை. பிள்ளைகள் போட்டி போட்டு வாசித்தார்கள். 'கலை', 'துணை' என்ற சொற்கள் வந்ததும் தடுக்கியது. 'லை'யும் 'ணை'யும் அன்று யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த கொம்போடு இருந்தன அல்லவா? "ஐயா, இது யானையா?" என்று ஒரு பெண் கேட்டாள். அரைமணி நேரம் போனதே தெரியவில்லை. எழுத்துச் சீர்திருத்தம் முழுவதையும் அவர்கள் கேட்டே நான் சொல்லி முடித்தேன். அந்தச் சுட்டியும் வாசித்தான். மெதுவாகத்தான், பெயர் மறைவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தோடு.

பெற்றோர்களே, உங்கள்மீதும் எனக்குக் குறை உண்டு. எழுத்துப் போடும் நேரத்தில் என்ன செய்கிறீர்கள்? சோளப்பொரி வாங்கப் போகிறீர்கள், கைப்பேசியை எடுக்கிறீர்கள், நாயகன் வந்ததும்தான் நிமிர்கிறீர்கள். 2017-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடக்கக் காட்சியைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தானே கொடுத்துவிட்டது. எழுத்து வந்தவுடன் விரல் தானாக அங்கே போகிறது. 2016-இல் 'கபாலி' வந்தபோது மலேசியத் தமிழரின் கதை என்று திருவிழாவே எடுத்தோம். அதில் எத்தனை பெயர் தமிழெழுத்தில் வந்தது என்று எண்ணியவர் யார்? நானும் எண்ணவில்லை. சீழ்க்கையடித்தவன் நான் என்பதை மேலேயே ஒப்புக்கொண்டேன் அல்லவா?

தயாரிப்பாளர்களுக்கு நாம் சொன்னால் கேட்பார்களா என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். வெளிநாட்டு வசூலில் மலேசியாவுக்கு ஒரு பங்கு உண்டு என்று அவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பங்கைத் தருகிறவன், "என் பிள்ளை வாசிக்கும்படி எழுத்தைப் போடு" என்று கேட்டால் குற்றமா? இங்கே நம் நாட்டில் படமெடுக்கும் இளைஞர்களிடமாவது கேட்போம். அவர்களில் பலர் நம் தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்கள். நம்மிடம் அடி வாங்கியவர்களும் இருப்பார்கள்.

இன்று காலை இளம் ஆசிரியரிடம் என் வரிசையைக் கொடுத்தேன். நீண்ட நேரம் பார்த்தார். 'கோல்டுஃபிங்கர்' கடைசி வரிசையில் இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. என் மதிப்பீட்டு முறையே பிழை என்றார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். 'சூப்பர் ஸ்டார்' என்று தமிழில், முழுதும் நீலப் புள்ளிகளாலேயே வரைந்திருந்தார். நன்றாகத்தான் இருந்தது. மூன்று மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைத்திருந்தார். கடைசி 'ர்' புள்ளியில்லாமல் நின்றது. சிவப்புப் பேனாவை எடுத்தேன்.